சாமிக்கு முன்னால் சிரிக்கத் தெரிந்த மண்

திருச்சுழி திருமேனிநாதர் மேல் பதிகம் பாடியவர் சுந்தரர். ஏழாம் திருமுறையில் 82-வது பதிகம் அது. நாயன்மார்களில் ஈசனோடு உரிமையாகச் சண்டை போட்டவர் அவர்தான். கல்யாணப் பந்தலில் வழக்காட வந்த கிழவரைப் பித்தன் என்று ஏசினார். வந்தவர் ஈசன் என்று தெரிந்த பிறகு நடுங்கி நின்றவரிடம், அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னதும் ஈசன்தான். மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் ஈசனையே திருவாரூர்த் தெருவில் தூது நடக்க வைத்தார். வன்தொண்டர் என்றும் தம்பிரான் தோழர் என்றும் அவரைச் சைவர்கள் போற்றுகிறார்கள். நண்பர் சேரமான் பெருமாளோடு திருச்சுழியில் தங்கியிருந்த இரவில், கனவில் ஈசன் ஓர் இளங்காளையாகக் கையில் செண்டோடு வந்து, தான் இருப்பது கானப்பேரில் என்று முகவரி சொல்லிவிட்டுப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில்.

பக்தியும் கேலியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த மரபு இது. மதத்தைத் தொட்டுச் சிரிக்கிற சினிமா வந்தாலே, இது மேற்கத்திய இறக்குமதி என்று ஒரு குரல் எழுகிறது. நாத்திகர்கள் மட்டும்தான் இப்படிச் சிரிப்பார்கள் என்று இன்னொரு குரல். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, கமுதி வரை விரியும் கரிசலும் செவலும் கண்மாயும் சீமைக் கருவேலமுமான இந்த மானாவாரி பூமியை அறிந்தவர்கள் இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே சாமி கும்பிட்டவர்களே சாமியைக் கேள்வி கேட்டார்கள், கேலி பேசினார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழ் சினிமாவின் மத நையாண்டி கிளைத்ததும் இப்படிப்பட்ட ஊர்களின் திருவிழா மேடையிலிருந்துதான்.

வெளிநாட்டுக் கதையை முதலில் பார்த்துவிடலாம். உலக சினிமாவில் மத நையாண்டி என்றதும் எல்லோரும் சொல்லும் படம் ‘லைஃப் ஆஃப் பிரையன்’. மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1979-ல் எடுத்தது. டெர்ரி ஜோன்ஸ் இயக்கினார். ‘பென்ஹர்’ போன்ற ரோமானியப் பிரம்மாண்டப் படங்கள் கோலோச்சிய காலம் ஒன்று உண்டு. 1959-ல் வந்த ‘பென்ஹர்’ 11 ஆஸ்கர் வாங்கியது. அந்த மாதிரிப் படங்களின் தூண்கள், தேர்கள், அங்கிகள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு இவர்கள் நையாண்டி செய்தார்கள். ஏசுவின் வாழ்க்கையைப் பயபக்தியோடு தொலைக்காட்சித் தொடராக எடுத்த செஃபிரெல்லி துனிசியாவில் விட்டுப்போன அரங்குகளிலேயே இந்தப் படத்தின் சில பகுதிகள் எடுக்கப்பட்டன. முதலீடு செய்வதாக இருந்த ஈஎம்ஐ நிறுவனம் கதையைப் பார்த்துப் பின்வாங்கியதும், பீட்டில்ஸ் இசைக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் போட்டார்.

படத்தில் ஏசு வருகிறார். ஆனால், அவரைக் கேலி செய்யும் காட்சி ஒன்றுகூட இல்லை. மலைப்பிரசங்கத்தில் அவர் கனிவோடு பேசுகிறார். கூட்டத்தின் கடைசியில் நிற்பவர்களுக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை. அவர் சொன்னதை ஆளுக்கொரு விதமாகத் திரித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். பக்கத்துத் தொழுவத்தில் பிறந்த பிரையன் என்ற அப்பாவியைக் கூட்டம் இரட்சகன் என்று துரத்துகிறது. ஓடுகிற வழியில் அவன் ஒரு செருப்பைத் தவற விடுகிறான். அது ஓர் அடையாளம், நாமும் ஒற்றைச் செருப்போடு நடக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. இல்லை, அவன் வைத்திருந்த சுரைக்குடுக்கைதான் புனிதம் என்கிறது இன்னொரு கட்சி. ஒரு மதம் எப்படி இரண்டாக உடைகிறது என்பதை இரண்டே நிமிடத்தில் காட்டிவிடுகிறார்கள். நார்வே முதலில் தடை விதித்தது. அயர்லாந்தில் 1987 வரை தடை. இங்கிலாந்தில் சில உள்ளாட்சி மன்றங்கள் படத்தைப் பார்க்காமலேயே தடை போட்டன.

பார்க்காமலேயே தடை போடுவது நமக்குப் புதிய செய்தி இல்லை. கடவுளை விட்டுவிட்டு, கடவுளின் பெயரால் கூடும் கூட்டத்தைக் கேலி செய்வதும் நமக்குப் புதிது இல்லை.

விடிய விடிய பபூன்

பங்குனியிலிருந்து ஆடி வரை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சாட்டினால், முளைப்பாரிக்கும் அக்கினிச்சட்டிக்கும் அடுத்தபடியாகப் பேசப்படுவது நாடகம்தான். ஸ்பெஷல் நாடகம். நடிகர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் இல்லை. தனித்தனியாக ‘புக்’ செய்யப்பட்டு, ஒத்திகை இல்லாமல் நேரே மேடையில் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அது சாத்தியமாகிறது. நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என்று ஊர்ப்பெயரோடு படம் போட்டிருக்கும். மேடையைச் சாமி பார்க்கும்படி கோயிலுக்கு எதிரே போடுவார்கள். நேர்த்திக்கடனாக நாடகம் விடுகிற வழக்கமும் உண்டு. ஆகவே அந்த இரவின் முதல் ரசிகை மாரியம்மன்.

அந்த அம்மனுக்கு எதிரே, ராத்திரி பத்து மணிக்கு மேல், முதலில் வந்து நிற்பவர் பபூன். ராஜாவும் முருகனும் பிறகுதான். ஆர்மோனியப் பின்பாட்டுக்காரரைச் சீண்டுவார், மிருதங்கக்காரரோடு தாளச் சண்டை போடுவார். விழாக் கமிட்டித் தலைவரை நேராகக் கேட்காமல் கேட்பார். வசூல் எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கூட்டத்தில் உள்ளவர்கள் மனசுக்குள் வைத்திருந்த கேள்வியை மைக்கில் போட்டுவிடுவார். பூசாரிக்கும் சாமியாடிக்கும் குறிசொல்லிக்கும் அவரிடமிருந்து தப்பிக்க வழி கிடையாது. அருள் வந்து ஆடுகிறவர், சுருட்டும் சாராயமும் வைக்கும்வரை மலையேற மறுப்பதை அப்படியே ஆடிக் காட்டுவார். முந்தின நாள் அருள் வந்து ஆடிய ஆளே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். இதில் புண்பட்டவர் எவரும் எழுந்து போனதாகக் கிராமத்தில் பேச்சு இருக்காது.

அடுத்து ‘வள்ளி திருமணம்’. நாரதருக்கும் வள்ளிக்கும் மணிக்கணக்கில் தர்க்கம் நடக்கும். பெண்ணுக்கு ஏன் பூசை உரிமை இல்லை, கடவுளுக்கு எதற்கு இரண்டு மனைவி என்று தினைப்புனத்தில் நிற்கிற பெண் கேட்பாள். வேதம் தெரிந்த முனிவர் மடக்கப்பட்டு நிற்பார். அந்தத் தர்க்கத்தில் ஸ்திரீபார்ட் எந்த அளவு சாதுரியம் காட்டுகிறாரோ அந்த அளவு கைதட்டல். விடியற்காலையில் முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் நடக்கும்போது அதே கூட்டம் எழுந்து கையெடுத்துக் கும்பிடும். சிரித்தது போதும், இனிப் பக்தி என்று யாரும் கோடு கிழிப்பதில்லை.

மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மண்ணின் மக்கள் சாமியிடம் நடந்துகொண்ட விதமும் கவனிக்க வேண்டியது. வைக்கோலாலும் பழந்துணியாலும் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துவந்து, மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். மழைச்சோறு எடுக்கிற பெண்கள் வீடு வீடாக உப்பில்லாச் சோறு வாங்கி ஒன்றாகப் பிசைந்து, ஊரே பஞ்சத்தில் பெயர்ந்து போவதுபோல அழுது காட்டுவார்கள். வானத்தை நோக்கிக் கையை நீட்டி ஏசுவார்கள். நம்பிக்கை அற்றுப்போனவர்களின் ஏச்சு இல்லை அது. பெற்ற தாயிடம் பிள்ளை கோபிக்கிற உரிமை.

அடைத்த கதவும் திறந்த பந்தலும்

எல்லாமே இப்படிச் சிரிப்பாக இருந்தது என்று சொல்வது பொய்யாகிவிடும். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு உள்ளே செல்லும் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. சாமியைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் மேல் கோயிலைத் தீட்டுப்படுத்தினார்கள் என்று பழி விழுந்தது. மத நையாண்டியின் வேர் இந்த வலியில்தான் இருக்கிறது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்குத்தான் கதவைக் காப்பவரின் வேஷம் நன்றாகத் தெரியும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1928-ல், அருப்புக்கோட்டைக்கு அருகே உள்ள சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று திராவிட இயக்க வரலாறு குறிப்பது அதைத்தான். அப்படிப்பட்ட திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று ஆக, அண்ணா முதல்வராகி 1967-ல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1931-ல் சுயமரியாதை மாநாடு விருதுநகரில் கூடியது. அதே வட்டாரத்தில், திருச்சுழியில், 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன் என்ற பிள்ளைதான் பின்னாளில் ரமண மகரிஷி. சடங்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நான் யார் என்று மட்டும் கேட்கச் சொன்னவர். ரமணரையும் சுக்கிலநத்தத்துப் பந்தலையும் எதிரெதிர்த் துருவமாக நிறுத்திப் பழகிவிட்டோம். இடைத்தரகர் இல்லாமல் நேராக நிற்கச் சொன்னதில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகள் என்பது என் எண்ணம்.

பபூன் சினிமாவுக்கு வந்தபோது

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் எம்.ஆர்.ராதாவும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். பபூனின் உரிமையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் செய்த ‘கிந்தனார்’ காலட்சேபத்தை இன்று பார்த்தாலும் அதன் துணிச்சல் புரியும். பாகவதர் வேஷம், சுருதி, இடையிடையே வசனம் என்று உருவம் முழுக்க நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபம். உள்ளே இருப்பது வேறு கதை. நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார். கிந்தன் படிக்கப் போகத் துடிக்கிறான். நந்தனார் தீயில் இறங்கிப் புனிதமானார். கிந்தன் ரயிலேறிப் படித்து ஆளாகிறான். நந்தனாரை ஒரு சொல்லாலும் கலைவாணர் தாழ்த்தவில்லை. அந்த மனிதனைத் தீயில் இறக்காமல் ஏற்றுக்கொள்ள முடியாத ஊரை மட்டும் தலைகுனிய வைத்தார்.

ராதாவின் வழி வேறு. அவருக்குத் தடவிக் கொடுக்கத் தெரியாது. 1954-ல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ அவரைத் திரையில் நிலைநிறுத்தியது. அதே காலத்தில் மேடையில் அவர் போட்ட ராமாயண நாடகத்துக்கு ஊர் ஊராக எதிர்ப்பு, தடை, கைது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்தார். 1954-ம் ஆண்டிலேயே சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. நாடகப் பிரதியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டிய நிலை. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல்தான் அந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஒரு நடிகனின் கேலிக்குப் பயந்து போட்ட பூட்டு 59 ஆண்டுகள் தொங்கியது!

பக்திப் படத்துக்குள்ளேயே நையாண்டி உட்கார்ந்திருந்த அதிசயத்தையும் சொல்ல வேண்டும். ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’, 1965. நம் ஊர்க்காரர்களுக்கு ரோமானியப் பிரம்மாண்டம் எல்லாம் அந்தப் படத்தின் கயிலாயத்தில்தான். அதில் நாகேஷ் தருமியாக வருகிறார். ஆயிரம் பொன் பரிசு அறிவித்துவிட்டார்கள், பாட்டெழுத வரவில்லை. ஆளில்லாத கோயில் மண்டபத்தில் மெலிந்த உடம்பு முன்னும் பின்னும் நடக்கிறது. தோள்துண்டு நழுவுகிறது, இழுத்துப் போடுகிறார், மறுபடி நழுவுகிறது. சொக்கநாதரைப் பார்த்துப் புலம்பல், உடனே தனக்குத்தானே பதில். எதிரில் புலவர் வடிவில் ஈசனே வந்து நின்றதும் அவருக்குத் தமிழ் தெரியுமா என்று சோதிக்கத் தொடங்குகிறார். பசித்தவன் ஒருவன் கடவுளை நேர்முகத் தேர்வு செய்கிற காட்சி அது. பிறகு நக்கீரர் வேடத்தில் நாகராஜனே வந்து, கடவுளாக இருந்தாலும் பாட்டில் பிழை பிழைதான் என்று நிற்கிறார். அறுபது ஆண்டுகளாகத் தமிழர்கள் பக்தியோடு பார்த்து, சிரித்து, மனப்பாடம் செய்துவைத்திருக்கும் இந்தக் காட்சியை எவரும் மத நிந்தனை என்று சொல்லவில்லை. மதுரைத் தலபுராணமே அப்படிப்பட்டது. பிட்டுக்கு மண் சுமக்க வந்த ஈசன் வேலையை ஏமாற்றித் தூங்கிப் பிரம்படி வாங்கியதைத்தான் ஆவணி மாதம் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம்.

ராஜா படமும் 23-ம் புலிகேசியும்

ரோமானியப் படங்களுக்கு ஈடாக நம்மிடம் இருந்தவை ராஜா ராணிப் படங்கள். 1956-ல் ‘மதுரை வீரன்’, 1958-ல் ‘நாடோடி மன்னன்’, அதே ஆண்டு சிவாஜியின் ‘உத்தமபுத்திரன்’. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்த தலைமுறைதான் 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. முதல்முறை முதல்வரானபோது அவர் அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ. திரையில் மன்னனாகப் பார்த்தவரிடம் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய மக்களின் நம்பிக்கையை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். கோயில் கதவு அடைக்கப்பட்ட மண்ணில், ஏழைக்காக வாளெடுக்கும் ஒரு மன்னன் தேவைப்பட்டான்.

அதே ரசிகர்கள்தான் 2006 ஜூலையில் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்ட சிம்புதேவனின் முதல் படம். ஷங்கர் தயாரித்தார். மதுரைக்காரரான வடிவேலுவுக்கு இரட்டை வேடம். பிரிந்த இரட்டையர், ஆள்மாறாட்டம், அரண்மனைச் சூழ்ச்சி என்று ‘உத்தமபுத்திர’னின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சதைக்குப் பதிலாக நையாண்டியைப் போர்த்தினார்கள். ஒல்லி உடம்பு மன்னன் ஓவியத்தில் மட்டும் மல்யுத்த வீரனாக நிற்கிறான். வெளிநாட்டுக் குளிர்பானத்துக்கு நாட்டைத் திறந்துவிடுகிறான். எல்லாவற்றுக்கும் மேல், சாதிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு மைதானம் கட்டித் திறந்துவைக்கிறான். உள்ளே மக்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், மன்னன் மேலே உட்கார்ந்து ரசிக்கிறான். ரோமானியப் படங்களில் அடிமைகள் வெட்டிச் சாக, பேரரசன் பார்த்துக் களிக்கிற வட்டரங்கம் நினைவுக்கு வராமல் போகாது.

சென்னையில் அந்தக் காட்சிக்கு எழுந்த சிரிப்பும் விருதுநகர் மாவட்டத்தில் எழுந்த சிரிப்பும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலித் சமூகத்தைச் சேர்ந்த விடுதலை வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்காகப் பேருந்துகள் கல்லெறிபட்டன, கலவரம் மூண்டது. கடைசியில் மாநிலம் முழுவதும் மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றின் தலைவர் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. ஒன்பதே ஆண்டுகள் கழித்து அந்த மைதானத்தைத் திரையில் பார்த்தவனுக்கு அது தன் ஊர்ச் செய்தி. சாதியைப் பற்றிப் பிரசங்கம் செய்த எத்தனையோ படங்களைவிட அந்தச் சில நிமிடங்கள் ஆழமாகக் குத்தின என்பதே என் தீர்ப்பு.

கடவுளைப் பூமிக்கு இறக்கிவந்து நம் லட்சணத்தைக் காட்டுகிற கதைக்கு நம்மிடம் பெரிய முன்னோடி உண்டு. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சிம்புதேவன் 2008-ல் எடுத்த ‘அறை எண் 305-ல் கடவுள்’ அந்த வம்சத்தில் வந்தது. பிரகாஷ்ராஜின் கடவுள் மேன்ஷன் அறையில் தங்குகிறார். 2020 தீபாவளிக்கு ஓடிடியில் வந்த ‘மூக்குத்தி அம்மன்’ இன்னும் ஒரு படி போனது. கவனிப்பாரற்ற குலதெய்வம் நயன்தாரா வடிவில் எழுந்துவந்து, தன் பெயரால் நிலம் வளைக்கும் கார்ப்பரேட் சாமியாரை எதிர்க்கிறாள். படத்தில் குறைகள் இருக்கின்றன. பிற்பாதி வசனமாகவே நகர்கிறது. ஆனால், பங்குனி உத்திரத்துக்குக் காரியாபட்டிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்கு வண்டி கட்டி வருகிற குடும்பங்களுக்கு அந்த அம்மனின் கோபம் சட்டென்று புரியும். வருஷத்தில் ஒருநாள்தான் தன் பிள்ளைகளைப் பார்க்கிறவள் அவள்.

இப்போது பயம் கூடியிருக்கிறது. 2022-ல், இதே மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மகாராஜபுரத்தைச் சேர்ந்த இயக்குநர் லீனா மணிமேகலை தன் ‘காளி’ ஆவணப்படத்துக்கு, காளி வேடமிட்ட பெண் சிகரெட் பிடிக்கும் சுவரொட்டி ஒன்றை வெளியிட்டார். பல மாநிலங்களில் வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பாதுகாப்புப் பெற வேண்டியிருந்தது. சுடலைக்கும் கருப்பனுக்கும் சுருட்டும் சாராயமும் படைக்கிற மண்ணிலிருந்து போன பெண்ணுக்குக் காளியின் கையில் சிகரெட் விபரீதமாகத் தோன்றியிருக்காது. 2024 ஜனவரியில் ‘அன்னபூரணி’ படம் மத உணர்வைப் புண்படுத்துவதாக எழுந்த புகார்களுக்குப் பிறகு நெட்ஃபிளிக்ஸிலிருந்தே எடுக்கப்பட்டது. கதை சொல்லும்போதே, இது வேண்டாம், வம்பு என்று வெட்டிக்கொள்கிற பழக்கம் எழுதுகிறவர்களிடம் வந்துவிட்டால், ஒரு தருமியோ ஒரு கிந்தனோ இனி எழுதப்படவே மாட்டார்கள்.

கேலி எல்லாமே நல்ல கேலி என்று நான் வாதாட வரவில்லை. எளிய மனிதரின் கும்பிடுதலைப் பரிகசிப்பது வேறு, அந்தக் கும்பிடுதலைக் காசாக்குகிறவரைப் பரிகசிப்பது வேறு. தீச்சட்டி ஏந்திவரும் கிழவியைப் பார்த்துச் சிரிப்பவன் பபூன் அல்லன். அவள் உண்டியலில் போட்ட பணம் எங்கே என்று கேட்பவன்தான் பபூன். எங்கள் பக்கத்துக் கிராமத்து ரசிகர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். வழக்குப் போடுகிறவர்களும் தணிக்கைக் குழுவில் உட்காருகிறவர்களும் ஒருமுறை ஸ்பெஷல் நாடகம் விடிகிறவரை உட்கார்ந்து பார்த்தால் அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குனிக்கு நாடகம் புக் செய்யும்போது, செலவைக் குறைக்க இன்னிசைக் கச்சேரி போதும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பபூனுக்கு முழு நேரமும் கொடுங்கள், முழுச் சம்பளமும் கொடுங்கள். அவர் உங்களைக் கேலி செய்தால் மைக்கை வாங்காதீர்கள். சினிமாவுக்கு எழுதப்போகும் பிள்ளைகளே, ஒருநாள் ராத்திரி திருச்சுழிப் பேருந்து ஏறி, நாடகம் நடக்கும் ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்கி, முன்வரிசையில் போய் உட்காருங்கள்.